நீங்கள் காக்கும் சுதந்திரம் யாருடையது, அப்பா?

கடிதத்தின் சுருக்கம்

பெயர் வெளியிட விரும்பாத வாசகர் ஒருவர் ஆறு பக்கங்களுக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது ஐம்பதைக் கடந்தவர். 25 ஆண்டுகளாக மென்பொருள் துறையில் இருக்கிறார். இணையத்தை ஒழுங்குபடுத்துகிறோம் என்று அரசு கொண்டுவரும் எந்தச் சட்டமும் கடைசியில் குடிமக்களை வேவு பார்ப்பதில்தான் போய் முடியும் என்பது அவருடைய உறுதியான கருத்து. கூட்டங்களில் பேசியிருக்கிறார், கட்டுரைகள் எழுதியிருக்கிறார். இந்தக் கருத்துக்காகச் சில நட்புகளையும் இழந்திருக்கிறார்.

12 நாட்களுக்கு முன்பு, கல்லூரியில் படிக்கும் அவருடைய 20 வயது மகளின் சாதாரணப் புகைப்படங்களை யாரோ எடுத்து, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றின் உதவியால் நிர்வாணப் படங்களாக மாற்றி, ஒரு மூடிய குழுவில் பகிர்ந்திருக்கிறார்கள். குழுவில் இருந்த தோழி ஒருத்திதான் அவற்றை மகளுக்கு அனுப்பி எச்சரித்திருக்கிறாள். மறுநாள் மகளின் பெயரிலேயே ஒரு போலிக் கணக்கும் முளைத்திருக்கிறது. முன்பு உடன் படித்த ஒருவன்மேல் சந்தேகம்.

காவல்துறையில் புகார் கொடுக்க வேண்டும் என்கிறாள் மகள். தந்தை தடுத்துவிட்டார். கைபேசியை வாங்கிக்கொண்டு அவளுடைய வாழ்க்கை முழுவதையும் துருவிவிடுவார்கள் என்பது ஒரு காரணம். “பார்த்தீர்களா, எல்லோருடைய செய்திகளையும் திறந்து பார்க்கும் அதிகாரம் எங்களுக்கு வேண்டும்” என்று கேட்பவர்களுக்கு இந்தப் புகார் இன்னொரு சாக்காகிவிடும் என்பது இன்னொன்று. மகளின் மன அமைதிக்காக அவளுடைய கைபேசியிலிருந்து அந்தப் படங்களையும் உரையாடலையும் அழித்திருக்கிறார். அவளுடைய சமூக ஊடகக் கணக்குகளையும் மூட வைத்திருக்கிறார். இதற்கிடையே மைத்துனர், “அடையாள அட்டை இல்லாமல் யாரும் இணையத்தில் நுழைய முடியாதபடி செய்தால் இந்தத் தொல்லையே இருக்காது” என்று சொல்ல, இருவருக்கும் பெரிய வாக்குவாதம். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்து ஒன்றே ஒன்று கேட்டாளாம்: “நீங்கள் காக்கும் சுதந்திரம் யாருடையது, அப்பா?” அதன் பிறகு அவள் அவரோடு பேசவில்லை.

புகார் கொடுத்தால் கைபேசியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா, செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் குறியாக்கத்தை உடைக்காமல் ஆளைப் பிடிக்க முடியுமா, இவ்வளவு பேசிவிட்டு இப்போது சட்டத்தின் வாசலில் போய் நின்றால் தன் கொள்கையைத் தானே கைவிட்டவன் ஆகமாட்டேனா என்று கேட்கிறார்.

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கொள்கையைப் பற்றிப் பேச நேரம் இருக்கிறது. படங்கள் பரவிக்கொண்டிருப்பதால் மகளின் காரியத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அவருக்கு வயது 20. பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி அவர் தன் விவகாரங்களைத் தானே தீர்மானிக்கும் வயதை எட்டியவர். புகார் கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் அவருடைய முடிவு. உங்கள் அனுமதி அதற்குத் தேவையே இல்லை. நீங்கள் அன்பினால்தான் தடுத்தீர்கள் என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆனால் நடந்ததை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒருவன் அவருடைய உருவத்தை அவரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டான். பிறகு நீங்கள் அவருடைய கைபேசியை எடுத்து, அதில் இருந்தவற்றை அழித்தீர்கள், கணக்குகளை மூட வைத்தீர்கள், புகாரைத் தடுத்தீர்கள். குற்றம் செய்தவன் இன்றும் இணையத்தில் உலவிக்கொண்டிருக்கிறான். வெளியேற்றப்பட்டவர் உங்கள் மகள். ஓர் அரசு இதையே ஒரு குடிமகளுக்குச் செய்திருந்தால் அதைக் கண்டித்து முதல் கட்டுரை எழுதியிருக்கக்கூடியவர் நீங்கள்தான். இதை உங்களைப் புண்படுத்தச் சொல்லவில்லை. மகள் கேட்ட கேள்வியின் பொருள் இதுதான் என்று நினைக்கிறேன்.

அழித்தவற்றை மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும், தாமதிக்காவிட்டால். பல கைபேசிகளில் நீக்கிய படங்கள் 30 நாட்கள் வரை தனிக் கோப்புறை ஒன்றில் இருக்கும். 12 நாட்கள் போய்விட்டன, உடனே பாருங்கள். அங்கே கிடைக்காவிட்டாலும் எச்சரித்த தோழியிடம் மூலச் செய்தி இருக்கும். அதை அழிக்காமல் வைத்திருக்கும்படி மகள் அவரிடம் இன்றே கேட்டுக்கொள்ளட்டும். அவருடைய சாட்சியம் இந்த வழக்கில் மிக முக்கியமானது. மூடிய கணக்குகளையும் பல தளங்கள் சில வாரங்களுக்குள் மீட்டுத் தருகின்றன.

போலிக் கணக்கை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது திரையில் தெரியும் பெயர் மட்டும் போதாது. அதை நொடியில் மாற்றிவிடலாம். கணக்கின் முழு முகவரி, பதிவின் லிங்க், தேதி, நேரம், குழுவின் பெயர் எல்லாம் பதிவாக வேண்டும். சந்தேகத்துக்குரிய அந்த இளைஞனை நீங்களோ உறவினர்களோ தொடர்புகொள்ளாதீர்கள். மிரட்டினால் உங்கள்மேல் புகார் வரும். கெஞ்சினால் அவன் எச்சரிக்கையாகி எல்லாவற்றையும் அழித்துவிடுவான். ஆத்திரத்தில் ஒரு தந்தை அனுப்பிய ஒற்றைச் செய்தி, வலுவான வழக்கைக் குழப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

18 வயது நிரம்பாத பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால் ஓர் எச்சரிக்கை: அப்படிப்பட்ட படங்களைச் சேமிக்கவோ வேறு யாருக்கும் அனுப்பவோ வேண்டாம். பல நாடுகளில் வைத்திருப்பதே குற்றம். லிங்க்கையும் கணக்கின் முகவரியையும் மட்டும் குறித்துக்கொண்டு நேராக அதிகாரிகளிடம் செல்லுங்கள்.

படங்களை நீக்க இரண்டு வழிகள் ஒரே சமயத்தில் நடக்கட்டும். ஒன்று, அந்தந்தத் தளத்தில் நேரடிப் புகார். சம்மதமில்லாத அந்தரங்கப் படம் என்ற பிரிவிலும், ஆள்மாறாட்டம் என்ற பிரிவிலும் தனித்தனியாக. மற்றொன்று, மென்பொருள்காரரான உங்களுக்குப் பிடிக்கும். பிரிட்டனில் உள்ள தொண்டு அமைப்பு ஒன்று 2021 முதல் நடத்தும் ‘ஸ்டாப் என்சிஐஐ’ (சம்மதமில்லாத அந்தரங்கப் படங்களைத் தடு என்று பொருள்) என்ற சேவை, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. படம் உங்கள் மகளின் கருவியை விட்டு வெளியே போகாது. அந்தக் கருவியிலேயே படத்திலிருந்து கைரேகை போன்ற ஓர் எண் கணக்கிடப்பட்டு, அந்த எண் மட்டும் பங்கேற்கும் நிறுவனங்களுக்குச் செல்லும். அதே படத்தை யாராவது ஏற்ற முயன்றால் எண் பொருந்தி, தளம் அதைத் தடுக்கலாம். குறைகளும் உண்டு. படத்தைப் பெரிதாக மாற்றினால் எண் பொருந்தாது. சேவையில் சேராத தளங்களில் பயனில்லை. இருந்தாலும், யாருடைய அந்தரங்கத்தையும் திறந்து பார்க்காமல் ஒருவரைப் பாதுகாக்கும் தொழில்நுட்பம் இருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. படத்தின் பிரதி இருந்தால்தான் அந்த எண்ணைக் கணக்கிட முடியும் என்பதால் மீட்கும் வேலை முதலில் நடக்க வேண்டும்.

கைபேசியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

உங்கள் அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2019-இல், பாலியல் குற்றங்களில் புகார் கொடுத்தவர்களிடம் கைபேசியில் உள்ளதை எல்லாம் எடுத்துக்கொள்ளச் சம்மதம் கேட்கும் படிவம் ஒன்றைக் காவல்துறையினர் பயன்படுத்தினார்கள். கொடுக்க மறுத்தால் வழக்கே நின்றுபோகலாம் என்ற நிலை. பாதிக்கப்பட்டவரைக் குற்றவாளியைப்போல் துருவும் வேலை அது. பெண்கள் அதை எதிர்த்துச் சட்டப்படி போராடினார்கள். 2020-இல் படிவம் திரும்பப் பெறப்பட்டது. 2022-இல் வந்த சட்டம், கைபேசியைத் தருவது விருப்பத்தின் பேரில்தான் என்றும், மறுத்த ஒரே காரணத்துக்காக விசாரணையை முடித்துவிடமாட்டோம் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்தது.

இந்த நிகழ்வில் அத்துமீறியதும் அரசின் கைதான். அந்தக் கையைக் கட்டியதோ ஒரு சட்டம். உங்கள் கட்டுரைகளில் இந்த இரண்டாவது வகைச் சட்டத்துக்கு இடமே இல்லாமல் இருக்கிறது என்பதுதான் என் குறை.

நாட்டுக்கு நாடு விதிகள் மாறும். சில இடங்களில் நீதிமன்ற ஆணையோடு கைபேசியைக் கேட்க முடியும். ஆனால் உங்கள் மகளின் வழக்கில் முக்கியமான சான்றுகள் அவருடைய கைபேசியில் இல்லை. அவை தோழியிடமும், தளத்தின் பதிவேடுகளிலும், படத்தை உருவாக்கியவனின் கருவியிலும் இருக்கின்றன. எனவே தேவையானவற்றைப் பிரதியெடுத்துத் தயாராகக் கொண்டுபோங்கள். கைபேசியைக் கேட்டால் என்ன தேடுகிறார்கள், எந்தக் காலத்துத் தரவு, எப்போது திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். மகளின் பெயரை வெளியிடாமல் வைத்திருக்க உங்கள் ஊர்ச் சட்டத்தில் வழியிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பல நாடுகளில் இருக்கிறது. ஒரு வழக்கறிஞரைத் துணைக்கு அழைத்துச் செல்வது நல்லது. அவர் பேச வேண்டியது மகளிடம், உங்களிடம் அல்ல.

புகார் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். “இந்தப் படங்களை ஏன் இணையத்தில் போட்டாய்” என்று கேட்கும் அதிகாரி இன்றும் இருக்கிறார். மாதக்கணக்கில் இழுக்கலாம். படம் வேறொரு மூலையில் மீண்டும் முளைக்கலாம். இவற்றையெல்லாம் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தெரிந்துகொண்டு எடுக்கும் முடிவின் கனத்தை அவர் தாங்கிக்கொள்வார்.

குறியாக்கத்தை உடைக்காமல் ஆளைப் பிடிக்க முடியுமா?

முடியும். குறியாக்கம் செய்தியைப் பாதுகாப்பது அனுப்பியவருக்கும் பெறுபவருக்கும் இடைப்பட்ட வழியில். பெற்றவரின் திரையில் அது திறந்தே இருக்கிறது. குழுவில் இருந்த தோழி தானாக முன்வந்து காட்டினால் எதையும் உடைக்க வேண்டியதில்லை. போலிக் கணக்கு எந்தத் தொலைபேசி எண்ணிலிருந்து, எந்த மின்னஞ்சலிலிருந்து, எந்த இணைய இணைப்பின் முகவரியிலிருந்து (ஐபி) தொடங்கப்பட்டது என்பதைத் தளத்திடம் சட்டப்படி கேட்டுப் பெறலாம். ஆள் தெரிந்த பிறகு அவனுடைய கருவியைச் சோதிக்க ஆணை வாங்கலாம்.

பதிவேடுகள் அழிந்துவிடும் முன் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பல நாடுகள் சேர்ந்துள்ள 2001-ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் இணையக் குற்ற உடன்படிக்கையில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட வழக்குக்குத் தேவையான குறிப்பிட்ட தரவை 90 நாட்கள் வரை அழிக்காமல் வைத்திருக்கும்படி, அதில் சேர்ந்த நாடுகளின் அதிகாரிகள் ஆணையிடலாம். இதோடு இன்னொன்றை ஒப்பிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் கொண்டுவந்த நெறிமுறை, எல்லாக் குடிமக்களுடைய தொலைபேசி, இணையத் தொடர்பு விவரங்களையும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சேமித்துவைக்கச் சொன்னது. 2014 ஏப்ரல் 8 அன்று ஒன்றியத்தின் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அறிவித்தது. இரண்டுமே தரவைச் சேமிக்கச் சொன்னவைதான். ஆனால் முன்னது ஒரு குற்றத்தைப் பின்தொடர்கிறது. பின்னது எல்லோரையும் முன்கூட்டியே சந்தேகிக்கிறது. உங்கள் மகள் கேட்பது முன்னதை மட்டும்தான். அதைக் கேட்பதால் அவர் பின்னதற்குக் கையெழுத்துப் போட்டவர் ஆகமாட்டார்.

குறியாக்கத்தில் அதிகாரிகளுக்கென்று ஒரு தனித் திறப்பு வைக்கக்கூடாது என்ற உங்கள் நிலைப்பாட்டை நீங்கள் மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. நானும் உங்கள் பக்கம்தான். கிரேக்க நாட்டில் 2004 முதல் 2005 வரை பிரதமர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோரின் கைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டன. சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்காகத் தொலைபேசி நிலையத்தில் இருந்த அதே வசதியை யாரோ திருட்டுத்தனமாக இயக்கித்தான் அதைச் செய்தார்கள். 2024 பிப்ரவரி 13 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும், ரஷ்யாவுக்கு எதிராக ஒரு டெலிகிராம் பயனர் தொடுத்த வழக்கில், எல்லோருடைய குறியாக்கத்தையும் பலவீனப்படுத்தும் கட்டாயம் ஜனநாயகச் சமூகத்தில் அளவுக்கு மீறியது என்று தீர்ப்பளித்தது. உங்கள் மகளின் வழக்கைக் காட்டி யாராவது அந்தத் திறப்பைக் கேட்டால், அது இல்லாமலே விசாரணை நடந்ததைச் சொல்லி மறுக்க உங்கள் குடும்பத்தால் முடியும்.

மைத்துனரின் யோசனை

இதில் நீங்கள் சொன்னதே சரி, ஆனால் வாதாடிய விதம் பயன்படாது. “சுதந்திரம் பறிபோகும்” என்று அவரிடம் சொன்னால் அவர் தோளைக் குலுக்குவார். நடந்ததைச் சொல்லுங்கள். தென்கொரியா 2007-இல், பெரிய இணையதளங்களில் எழுதுபவர்கள் தங்கள் உண்மை அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும் என்று சட்டமாக்கியது. 2011-இல் அங்கே ஒரு பெரிய இணைய நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் சுமார் 3.5 கோடிப் பயனர்களின் விவரங்களைக் கொண்டுபோனார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகையே சுமார் ஐந்து கோடி. 2012-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக நீக்கியது. இதை மகளின் கோணத்திலிருந்தும் யோசிக்கச் சொல்லுங்கள்: அவருடைய அடையாள எண்ணும் முகவரியும் அந்தப் பட்டியலில் இருந்திருந்தால், அவரைத் துன்புறுத்துபவன் வீட்டு வாசல் வரை வந்திருப்பானே.

கொள்கையைக் கைவிட்டவனா நான்?

இல்லை. ஆனால் அதில் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்ள வேண்டியவர்.

சுதந்திரத்துக்கு ஆபத்து அரசிடமிருந்து மட்டுமே வரும் என்ற எண்ணம் உங்கள் கட்டுரைகளின் அடியில் ஓடுகிறது. உங்கள் மகளின் உருவத்தைச் சிதைத்தவன் அரசு ஊழியன் அல்லன். அதற்குக் கருவியைச் செய்து விற்றது ஒரு நிறுவனம். புகார் கொடுத்தால் பதில் வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது இன்னொரு நிறுவனம். அந்த நிறுவனத்தின் விதிகளை நீங்களோ நானோ வாக்களித்து மாற்ற முடியாது. அதன் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யப் பெரும்பாலும் வழியில்லை. சட்டமே இல்லாத இடத்தில் வலுத்தவனின் விதிதான் சட்டமாக இருக்கும். அதன் கீழ் உங்கள் மகள் இந்தப் பன்னிரண்டு நாட்கள் வாழ்ந்திருக்கிறார்.

அதற்காக எல்லாச் சட்டத்தையும் வரவேற்கவும் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2025 மே மாதம் கையெழுத்தான சட்டம், செயற்கை நுண்ணறிவால் செய்தவை உட்படச் சம்மதமில்லாத அந்தரங்கப் படங்களை, பாதிக்கப்பட்டவர் தெரிவித்த 48 மணி நேரத்துக்குள் தளங்கள் நீக்க வேண்டும் என்கிறது. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் பொய்ப் புகார் கொடுத்து, பிடிக்காத நியாயமான பதிவுகளை நீக்க வைப்பவர்களைத் தடுக்க அதில் போதிய காப்பு இல்லை என்று கருத்துரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டின. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. இப்படிப்பட்ட ஓட்டைகளைக் கண்டுபிடிக்க உங்களைப்போன்ற சந்தேகக் கண் தேவை. “சட்டமே வேண்டாம்” என்று வெளியே நிற்பவரை யாரும் கலந்தாலோசிப்பதில்லை என்பதால், அந்தக் கண் வீணாகிப்போகிறது.

என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது, எந்தச் சட்டத்தையும் 2017 ஆகஸ்ட் 24 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தந்த அந்தரங்க உரிமைத் தீர்ப்பில் வரும் அளவுகோல்களால் சோதித்துப் பாருங்கள் என்பதுதான். அதிகாரத்துக்கு வெளிப்படையான சட்டம் இருக்கிறதா? நியாயமான தேவை இருக்கிறதா? தேவைக்கு மிஞ்சாத அளவில் இருக்கிறதா? இவற்றோடு நான் ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன்: அத்துமீறினால் எங்கே போய் முறையிடுவது? குறிப்பிட்ட ஒருவன்மேல், ஒரு குற்றத்துக்காக, ஒரு நீதிபதியின் மேற்பார்வையில் நடக்கும் விசாரணை இந்த நான்கிலும் தேறும். எல்லோருடைய செய்தியையும் எப்போதும் திறந்துவைக்கும் சட்டம் மூன்றாவது கேள்வியைத் தாண்டாது. உங்கள் பழைய கட்டுரைகளில் பாதிக்கு மேல் அப்படியே நிற்கும்.

இன்று மாலை மகளிடம் போய்க் கொள்கை விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். “உன்னைக் கேட்காமல் அழித்தது தவறு. அதை மீட்க முடியுமாம், சேர்ந்து பார்ப்போமா? புகாரைப் பற்றி நீ என்ன முடிவெடுத்தாலும் நான் கூட வருகிறேன்” என்று சொல்லுங்கள். அவர் உடனே பதில் சொல்லாவிட்டாலும் வற்புறுத்தாதீர்கள். இந்தப் பதிலின் பிரதியை அவர் கையில் கொடுங்கள். அவருக்கென்று கேள்விகள் இருந்தால், உங்கள் வழியாக இல்லாமல் நேராக எனக்கு எழுதலாம். அதற்கான பதில் அவருக்கு மட்டுமே தனியாக வரும், இங்கே வெளியாகாது.